குடலுக்கு இடமில்லாத வயிறு

தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வயிறு என்பது ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் உறுப்புகள்தான் வேறு. ‘ஒரு சாண் வயிற்றுக்காக’ என்று தொடங்கும் எந்த வாக்கியத்திலும் ஓர் ஆண் கூலிக்குப் போய்க்கொண்டிருப்பான். ‘பெற்ற வயிறு’ என்று தொடங்கினால் ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள். வயிற்றுப்பிள்ளைக்காரி, வயிறு திறக்காதவள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், பெண்ணைப் பெற்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவள் என்று நம் பேச்சில் பெண்ணின் வயிறு முழுவதும் கருப்பையின் பெயருக்கே பட்டா போடப்பட்டிருக்கிறது. பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடலும் அதைச் சுற்றி ஒன்றரை மீட்டர் பெருங்குடலும் அதே இடத்தில்தான் குடியிருக்கின்றன. அவற்றுக்குப் பதிவே கிடையாது.

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிட முடியாது. எங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் ஒரு பெண் ‘வயித்த வலிக்குது’ என்றால் வீட்டில் வரும் முதல் கேள்வி ‘தேதி வந்துருச்சா?’ என்பது. கல்யாணமானவள் என்றால் ‘தள்ளிப்போயிருக்கா?’ ரத்தம் போகிறது என்று சொன்னால், எந்த வழியாக என்று யாரும் கேட்பதில்லை. மலத்தோடு போகிறது என்பதை அவளே வாய்திறந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் சூடு, மூலச்சூடு, ரத்தக்கடுப்பு, சீதபேதி என்று வரிசையாகப் பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயருக்கும் வெந்தயம், மோர், துத்திக்கீரை என்று ஒரு பக்குவம் இருக்கும். அதற்குள் ஓராண்டு ஓடியிருக்கும்.

அந்த ஓராண்டில் உள்ளே நடப்பது வேறொன்றாக இருக்கலாம். அழற்சிக் குடல் நோய் என்று மருத்துவர்கள் சொல்வதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. கிரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். இரண்டிலும் உடலின் தற்காப்பு ஆற்றலே சொந்தக் குடலின்மீது திரும்பிவிடுகிறது. பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் தொடங்குவதே அதிகம். அதாவது படிப்பும் கல்யாணப் பேச்சும் நடக்கிற வயது. நம் நாட்டில் கிரோன்ஸ் நோயைக் குடல் காசநோயிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதால் முதலில் காசநோய் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கியவர்களும் உண்டு. மாத்திரை, ஊசி எதற்கும் கொலைட்டிஸ் அடங்காதபோது, அல்லது பெருங்குடல் உப்பி வெடிக்கும் நிலைக்கு வரும்போது, பெருங்குடலை எடுத்துவிடுகிறார்கள். சிறுகுடலின் நுனியை அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். இனி மலம் அந்த வழியாக, ஒட்டிவைத்த ஒரு பைக்குள் இறங்கும். அந்தத் திறப்புக்குப் பெயர் ஸ்டோமா.

என் முதுகலை மாணவி ஒருத்திக்கு இந்த அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். (அவள் அனுமதியோடு எழுதுகிறேன். அவள் யார் என்று தெரியும்படி எதுவும் இங்கே இல்லை.) மூன்று ஆண்டுகளாக நோய். பெரம்பலூருக்கு இன்றும் ரயில் கிடையாது, எல்லாம் பேருந்துதான். ஒரு மணி நேரப் பயணத்தில் எந்த நிமிடமும் ஓட வேண்டிவரலாம் என்பதால் கல்லூரி நாட்களில் காலையும் மதியமும் சாப்பிடாமலே வருவாள். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியபோது, கல்யாணக் களை வந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்களாம். அவள் என்னிடம் கேட்டது மருத்துவக் கேள்வி இல்லை. “இதப் பத்தி நம்ம தமிழ்ல யாராச்சும் எழுதியிருக்காங்களாம்மா? படிச்சுட்டுப் போலாம்னு பாக்குறேன்.” தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவளிடம் கேட்கப்பட்ட நியாயமான கேள்வி. கொடுக்க என் அலமாரியில் என்ன இருந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

குடல்நோயின் மிகப் பெரிய தமிழ்ப் பனுவல் அப்பருடையது. திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகமே, குடலைப் பிடித்து முடக்கும் சூலை நோய் தாங்காமல் எழுந்தது. பின்னால் நாம் படிக்கும் தேவாரப் பெருக்கெல்லாம் ஒரு வயிற்றுவலியில் ஊற்றெடுத்தது என்பதை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நோயை இன்றைய நோய்ப்பெயர்களோடு பொருத்திப் பார்ப்பது வீண்வேலை. எனக்கு முக்கியமானது பெரியபுராணம் அந்த நோய்க்குக் கொடுக்கும் பொருள். சமணத்துக்குப் போய்விட்ட தம்பியை மீட்டுத்தரும்படி அக்கா திலகவதியார் வேண்டுகிறார். இறைவன் சூலையைத் தந்து ஆட்கொள்கிறான். நோய் இங்கே அருள். சமண மடத்தில் யாராலும் தீர்க்க முடியாத வலியோடு, இரவோடு இரவாக அக்கா வீட்டுக்கு வந்துசேர்ந்த தம்பிக்கு அவர் திருநீறு கொடுக்கிறார், பதிகம் பாடியதும் வலி தீர்கிறது. தம்பி பாடுகிறார். அக்கா விடியலில் கோயில் வாசலைக் கூட்டுகிறார், மெழுகுகிறார்.

திலகவதியாருக்குச் சூலை வந்திருந்தால்? இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்த பிறகு, தம்பிக்காக மட்டுமே உயிரைத் தாங்கியவர் என்று புராணம் அவரைச் சொல்கிறது. தன் உடம்பு வலித்ததாக ஒரு வார்த்தை அவர் பேச அங்கே இடமில்லை. நோயாளி ஆண், செவிலி பெண் என்ற பங்கீடு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியில் கொள்ளிடக்கரையில் இருக்கும் இறைவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர், அப்பர் அங்கும் பாடியிருக்கிறார். அந்தப் பிரகாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எதற்காக என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் பிள்ளை வரம்.

பெண்ணுக்கு வந்த வயிற்றுநோய் ஒன்றும் நம்மிடம் உண்டு. மணிமேகலையில் வரும் காயசண்டிகை. எவ்வளவு உண்டாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசி அவளுக்கு. காரணம், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் முனிவர் வைத்திருந்த நாவற்பழத்தை அவள் கால் தெரியாமல் மிதித்துச் சிதைத்துவிட்டது. அப்பருக்கு வந்தது அருள், காயசண்டிகைக்கு வந்தது சாபம். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடி சோற்றில் அவள் நோய் தீர்கிறது. பெண்ணுக்குப் பெண் மருந்தாகும் அந்த இடத்தை நாம் எல்லாரும் கொண்டாடிப் பேசியிருக்கிறோம். அதன் பிறகு அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். நோய் தீர்ந்து வீடு திரும்பப் பறந்தவள் விந்தமலையைக் கடக்கும்போது, அதைக் காக்கும் விந்தா கடிகை அவளை இழுத்துத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்கிறாள். குணமான பெண்ணின் முடிவு இன்னொரு வயிறு. சாத்தனார் இதைச் சில அடிகளில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். என் மாணவிக்கு இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குடல் மலிந்த பனுவல்தான் வேண்டும் என்றால் பரணி இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குலோத்துங்கனின் கலிங்க வெற்றிக்காக ஜெயங்கொண்டார் பாடியது. எங்கள் ஜெயங்கொண்டம் வழியாகத்தான் அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும். குடலும் நிணமும் குவிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. அந்தக் குடல்கள் யாருடையவை என்று பரணி கேட்பதில்லை. தோற்றவர்களுடையவை, அவ்வளவுதான். சித்தர் பாடல்களின் பக்கம் போனால் உடல் ஒரு பை, ஒன்பது ஓட்டை, ஊத்தை. பட்டினத்தார் அந்த ஊத்தையைப் பெரும்பாலும் பெண்ணுடலின்மேல் ஏற்றிப் பேசுகிறார். சித்தாந்தத்திலோ மலம் என்பதே நீங்க வேண்டிய ஆணவம், கன்மம், மாயை. உடம்பை இழுக்கு என்று முதலில் நினைத்து, பிறகு அதற்குள் இறைவனைக் கண்டு உடம்பைப் பேணத் தொடங்கிய திருமூலர் விதிவிலக்கு. காரைக்கால் அம்மையாரும் அப்படியே. வற்றிய முலையும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாக ஒரு பெண்பேயை முன்னிறுத்திப் பதிகத்தைத் தொடங்க அவரால் முடிந்தது. அழகாக இல்லாத பெண்ணுடலைத் தமிழில் கூசாமல் எழுதிய முதல் கை அது. ஆனால் அம்மையாரும் அதற்கு மானுட உடலை உதற வேண்டியிருந்தது.

இனி நம் காலம். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வந்தது. திரைப்பாடலாசிரியர்கள் உட்படப் பலர் பாய்ந்தார்கள். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி என்று ஒரு தலைமுறையே ஆபாசம் என்ற வசவைத் தாங்கிக்கொண்டு எழுதியது. அவர்கள் எழுதியதால்தான் என்னைப் போன்றவர்கள் எழுத வந்தோம், அந்தக் கடன் எனக்கு உண்டு. ஆனாலும் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். உடலை எழுதுகிறோம் என்று நாங்கள் எழுதியதெல்லாம் ஆணாதிக்கம் ஏற்கெனவே வட்டமிட்டுக் காட்டிய உறுப்புகள். முலை, யோனி, கருப்பை, தொடை. அவன் ஆசைப்பட்டதையும் அவன் உரிமை கொண்டாடியதையும் மீட்டெடுத்தோம். அவன் எட்டிக்கூடப் பார்க்காத உறுப்புகள் எங்கள் கவிதையிலும் இருட்டிலேயே கிடந்தன. சல்மாவின் கவிதையில் வயிறு வருகிறது. பிரசவத்துக்குப் பின் விழுந்த கோடுகளோடு வருகிறது. அங்கும் அது பெற்ற வயிறுதான். ஈரலும் மண்ணீரலும் குடலும் உள்ள ஒரு பெண்ணை எங்கள் தொகுப்புகளில் நான் தேடினேன். என் இரண்டு தொகுப்புகளிலும் சேர்த்துத்தான்.

வெளியுலகப் பெண்ணிய எழுத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. காசநோய் நுரையீரலில் வருவதால் ஆன்மாவின் நோயாக மேன்மை பெற்றதையும், புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் போன்ற சொல்லக் கூசும் இடங்களில் வருவதால் அவமானமாக மறைக்கப்பட்டதையும் சூசன் சொன்டாக் 1978இலேயே எழுதினார். ஆட்ரி லார்ட் தன் மார்பு அகற்றப்பட்ட பிறகு பொய்மார்பு அணிய மறுத்து எழுதிய குறிப்புகள் 1980இல் நூலாயின. அது இல்லாமல் வந்தால் இங்கே மற்றவர்களின் மனநிலை பாதிக்கும் என்று அறுவை மருத்துவரின் அலுவலகத்தில் ஒரு செவிலி சொன்னதை அவர் அதில் பதிவு செய்கிறார். இளஞ்சிவப்பு நாடா இன்று எங்கள் கல்லூரி வரை வந்துவிட்டது. குடலுக்கு அப்படி ஒரு நிறம் இல்லை.

குடல் பொதுவெளியில் பேசப்படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அரியலூர்ப் பேருந்து நிலையத்துச் சுவர்களைப் பாருங்கள். மூலம், பவுத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இல்லாமல் குணம். தமிழில் மிக அதிகமாக அச்சாகும் ஆசனவாய் இலக்கியம் அதுதான். விரைவீக்கத்தை அடுத்துப் போட்டிருப்பதால் அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதும் தெளிவு. பெண்கள் அந்தச் சுவரடியில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ள முடியுமா? 2015இல் வந்த ‘பிக்கு’ இந்திப் படத்தில் ஒரு கிழத் தகப்பன் தன் மலச்சிக்கலைச் சாப்பாட்டு மேசையிலும் தொலைபேசியிலும் விரிவாகப் பேசுகிறார். மகள் எரிச்சலோடு பணிவிடை செய்கிறாள். எழுதியவர் ஜூஹி சதுர்வேதி என்ற பெண், நுட்பமான படம். அதிலும் குடல் அப்பாவுடையது, கழுவும் வேலை மகளுடையது. மாற்றிப் போட்டு, மகள் தன் மலத்தின் நிறத்தை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதாகக் காட்டியிருந்தால் திரையரங்கு சிரித்திருக்காது.

தமிழில் பெருமாள்முருகன் ‘பீக்கதைகள்’ என்று அட்டையிலேயே அச்சிட்டுத் தொகுப்பு கொண்டுவந்தார். திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை எடுத்து, அதற்காக மிரட்டல்களையும் வழக்குகளையும் சந்தித்தார். மலம் ஏன் நமக்கு வாயில் வராத சொல் என்பதற்கான விடை அந்தப் படத்தில் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அந்த வேலை யார் தலையில் இருக்கிறது என்பதை அது காட்டியது. ‘அருவருப்பு’ என்பது மூக்கின் உணர்ச்சி என்று நினைக்கிறோம். பல தலைமுறைகளாக நம் மலத்தை வேறொரு சாதியிடம் தள்ளிவிட்டதால் கிடைத்த சொகுசு அது. ஸ்டோமா அந்தச் சொகுசைப் பறித்துவிடுகிறது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் காலி செய்ய வேண்டும், நாளைக்கு ஐந்தாறு முறை. தோலோடு ஒட்டும் தட்டைச் சில நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அவரவர் கையால். என் மாணவியின் வீட்டில் பாட்டி சொன்னாராம், ‘அந்த வேலைய நம்ம புள்ள செய்யுறதா?’ அந்த ‘நம்ம’வுக்குள் இருந்தது பாசம் மட்டும்தானா என்பதை அவளும் நானும் பேசினோம்.

அந்தப் பையின் வரலாற்றை நான் தேடிப் படித்தது பாடம் நடத்துவதற்காக இல்லை. ஆனால் படித்தபோது திலகவதியார் நினைவுக்கு வந்தார். டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற செவிலியின் தங்கை தோரா, 32 வயதில் குடல் புற்றுநோய்க்காக ஸ்டோமா வைக்கப்பட்டவர். கசிவுக்கும் நாற்றத்துக்கும் பயந்து வெளியே போவதையே நிறுத்திவிட்டார். அதுவரை இருந்தவை துணிக்கட்டும், உலோகக் கிண்ணமும், ரப்பர் பையும்தான். பசையோடு தோலில் ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய பிளாஸ்டிக் பையை 1954இல் தங்கைக்காக எலிசே யோசித்தார். உற்பத்தியாளர்கள் மறுத்தார்கள். பிளாஸ்டிக் தொழில் நடத்திய ஆகே லூயிஸ்-ஹான்சனும் முதலில் மறுத்தார். அவர் மனைவி யோகன்னே, தானும் செவிலியாக இருந்தவர், அதன் அருமையை எடுத்துச்சொல்லி இணங்கவைத்தார். 1957இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் பிறந்தது. மூன்று பெண்கள் ஒரு குடலைப் பற்றி வெட்கமில்லாமல் பேசிக்கொண்டதன் விளைவு இன்று உலகெங்கும் வயிறுகளில் ஒட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் நார்மா கில் கதை என் மாணவிக்கு இன்னும் நெருக்கமானது. அவருக்கு இருந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்தான். 1954இல் கிளீவ்லாந்தில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு ஸ்டோமா வைத்தார். குணமானதும் மற்ற நோயாளிகளுக்குப் பை மாட்டச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1958இல் அந்த மருத்துவர் அவரை அந்த வேலைக்கே அழைத்துக்கொண்டார். 1961இல் அங்கே அதற்கான பள்ளி தொடங்கியது. மருத்துவப் பட்டம் இல்லாத, நோயை மட்டுமே படித்த ஒரு குடும்பப் பெண்ணிடமிருந்து ஒரு துறை உருவானது. (தோலைக் காக்க டர்ன்புல் பயன்படுத்திய கராயா பிசின் பெரும்பாலும் இந்தியக் காட்டு மரங்களிலிருந்து போவது. ஆந்திர மலைகளில் பழங்குடிகள் சேகரிப்பது. ஓஹையோ பெண்ணின் வயிற்றில் நம் காட்டுப் பசை ஒட்டியிருந்ததை நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.) அப்பரின் நோய் பதிகமானது, நார்மாவின் நோய் பள்ளியானது. இலக்கிய மாணவிக்கு இரண்டில் எது பெரிது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவதைப் பற்றி ஒரு தமிழ்ப் பாடநூலிலும் ஒரு வரி இல்லை.

சொல்லுக்கு வருகிறேன். ஸ்டோமா என்பது கிரேக்கத்தில் வாய். நம் பக்கத்து மருத்துவமனைகளில் ‘பை வெச்சிருக்கு’, ‘வயித்துல ஓட்ட’ என்கிறார்கள். ஓட்டை என்பது பழுது. வாய் என்பது வழி. தமிழுக்கு இது புதிதும் இல்லை. வாய்க்கால், கால்வாய், மடைவாய் என்று தண்ணீர் போகும் இடமெல்லாம் வாய். ஆசனவாய் என்று இன்றும் சொல்கிறோம். அதற்கு முந்தைய சொல் எருவாய். எருவின் அருமை தெரிந்த உழவர்மொழி மலம் வெளியேறும் வழிக்கு வைத்த பெயர் அது. சாணத்தைத் தொட்டு வாசல் மெழுகும் அதே கை மனித மலத்துக்குக் கூசுகிறது என்பதால் அந்தச் சொல்லைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்குத் தயக்கம் உண்டு. நான் ‘குடல்வாய்’ என்று சொல்லத் தொடங்கினேன். உள்வாயைப் போலவே சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டி, மடித்துத் தைத்திருப்பார்கள். சிறுகுடலிலிருந்து வரும் நீர் தோலை அரித்துவிடாமல் பைக்குள் நேராக விழுவதற்காக பிரையன் புரூக் 1952இல் எழுதிய முறை. நாமும் ஒரு பெயர் சொல்லிப் பார்க்கலாமே.

குடும்பம் மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வியை அவள் சொல்லாமலே என்னால் ஊகிக்க முடிந்தது. ‘கொழந்த பொறக்குமா?’ குடலை எடுக்கும் அறையிலும் கருப்பைதான் முன்னால் வந்து உட்காருகிறது. பிறக்கும் என்பதே விடை. குடல்வாயோடு கருத்தரித்துப் பெற்றவர்கள் ஏராளம். இரண்டாவது கேள்வி மறைக்க முடியுமா என்பது. சிறுகுடலையே உள்ளே ஒரு பைபோலத் தைத்து ஆசனவாயோடு இணைக்கும் முறையை லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இருவர் 1978இல் வெளியிட்டார்கள். பலருக்கு அது நல்ல வழி. ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டமாக அறுவை, நாளைக்கு ஐந்தாறு முறை மலம், அவ்வப்போது அந்த உள்பையில் அழற்சி, இடுப்பெலும்புக்குள் தழும்புகள் ஒட்டிக்கொள்வதால் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்புக் குறைவது எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். குழந்தைதான் முக்கியம் என்றும் சொல்லிக்கொண்டு, மறைக்கவும் வேண்டும் என்று குடும்பம் நிற்கும்போது, இரண்டு ஆசைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டு அவள் எதைத் தேர்ந்தாலும் சரி. வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் தேர்ந்துவிடக் கூடாது.

மற்றவை எல்லாம் காசு, தூரம், வெயில். அறுவைக்கு முதலமைச்சர் காப்பீடு கைகொடுக்கும். பைக்கு மாதாமாதம் கையிலிருந்துதான். நல்ல பை ஒன்று சில நூறு ரூபாய். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வரிசைப்படுத்தும் 21 வகைகளில் இது இல்லை. அரியலூருக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, பெரம்பலூரில் இதை எழுதும்போது இல்லை. 1176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவம் படிக்க முடியாமல் போன குழுமூர் அனிதாவின் ஊர்ப்பக்கம் இது என்பதை நினைக்காமல் இந்த வரியை என்னால் கடக்க முடியவில்லை. பெருங்குடல் இல்லாத உடம்பு உப்பையும் நீரையும் பிடித்துவைக்காது. சித்திரை வெயிலில் எங்கள் மாவட்டத்தில் அது விளையாட்டில்லை. உப்புப் போட்ட நீச்சத்தண்ணியும் மோரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் கைப்பையில் இருக்க வேண்டும். எளிதில் கரையாமல் குடல்வாயை அடைத்துக்கொள்ளும் உணவுகளின் பட்டியலில் மக்காச்சோளம் முன்வரிசையில் இருக்கிறது. பெரம்பலூர் முழுக்க அதுதான் நிற்கிறது. அவள் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

அறுவைக்கு முன்பு குடல்வாய் எங்கே அமைய வேண்டும் என்று வயிற்றில் குறித்துக்கொள்வது வழக்கம். நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியவைத்துப் பார்த்துக் குறிக்க வேண்டும். மடிப்பு விழும் இடத்தில் அமைந்தால் பை ஒட்டாது, ஆயுள் முழுக்கக் கசியும். நான் பார்த்த ஆங்கில வழிகாட்டிகள் எல்லாம் இடுப்புப் பட்டை எங்கே வரும் என்று கேட்கின்றன. பட்டை கட்டுகிறவர்களின் உடம்பை மனதில் வைத்து எழுதியவை. தமிழில் அப்படி ஒன்று எழுதினால் என்ன கேட்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் துறையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். பாவாடை நாடாவை எந்த உயரத்தில் கட்டுவீர்கள்? சுடிதார் போடும்போது அதே இடமா? தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவீர்களா? குந்தி உட்கார்ந்து பாத்திரம் கழுவுவீர்களா? வெங்காயக் காட்டில் குனிந்து களையெடுக்கப் போவீர்களா? குடத்தை எந்த இடுப்பில் வைப்பீர்கள்? அவளுக்கு இடது இடுப்பு.

கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எருவாய்க்கும் பாவாடை நாடாவுக்கும் நடுவில் இருக்கும் அந்த அரைச் சாண் இடத்தைப் பற்றித் தமிழில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்ட கேள்விகளாக எனக்குத் தெரிந்து என் கையில் இருந்தவை இவைதான். அவள் அதைத் தாளில் பெயர்த்து எழுதி எடுத்துப்போனாள். பணியில் இருந்த செவிலியர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, அவளைக் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்காரச் சொன்னாராம். குந்தச் சொன்னார், குனியச் சொன்னார், நாடாவை வழக்கம்போல் கட்டச் சொன்னார். பிறகு வலப்பக்கம், நாடாவுக்கு இரண்டு விரற்கடை கீழே, அழியாத மையால் ஒரு புள்ளி வைத்தார்.